எந்த நாட்டுப் பாட்டு?

கன்ட்ரி என்றால் நாடு. அப்படியென்றால் கன்ட்ரிப் பாட்டு நாட்டுப் பாட்டுத்தானே? கலாசார விழா விண்ணப்பத்தில் 'பிரிவு' என்ற கட்டத்தில் நான் அப்படித்தான் எழுதினேன். அதற்காக என்னைக் கழுவிலா ஏற்றுவார்கள்!

யோகலிங்கம் கிற்றாரும் பாட்டும், நான் ட்ரம்ஸ். முப்பது வருடமாக உப்புவெளி, நிலாவெளி கடற்கரை ஹோட்டல்களில் அமெரிக்கக் கன்ட்ரியும் ரொக்கபிலியும் வாசிக்கிறோம். ரொக்கபிலி என்றால் அதே கன்ட்ரியைத் துள்ளித் துள்ளிப் பாடுவது. கொளுத்தும் வெயிலிலும் அவனுக்குத் தொப்பி வேண்டும், முழங்கால் வரை சப்பாத்து வேண்டும். வெள்ளைக்காரர் எழும்பி ஆடுவார்கள். ஊருக்குள் அவன் பாடகன் என்று ஈ காக்கைக்கும் தெரியாது.

அதுகூடப் பரவாயில்லை. மனைவி பூரணி ஒருநாளும் வந்து கேட்டதில்லை என்பதுதான் அவனைத் தின்றது.

"குடிக்கிற இடத்துக்கு நான் வரமாட்டன். மரியாதையான மேடை ஒண்டில பாட்டுப் படியுங்கோ, வாறன்" என்றுவிட்டாள். அந்த விண்ணப்பமே அதற்காகத்தான்.

விழாவில் எங்களுக்கு முன்னால் கும்மி, பின்னால் ஊஞ்சல் பாட்டு. நடுவில் தொப்பியோடு இவன். யா அல்லாஹ்! பூரணி பட்டுச்சேலை கட்டி இரண்டாம் வரிசையில் இருந்தாள். யோகலிங்கம் தானே கட்டிய ஒரேயொரு தமிழ்ப் பாட்டைத் தொடங்கினான்.

"குச்சவெளி பஸ்ஸும் போச்சு,
கோவிச்சவளும் ஏறிப் போனா..."

நடுவர் மணியை அடித்தார். "தம்பி, இது எந்த நாட்டுப் பாட்டு?"

சபை விழுந்து விழுந்து சிரித்தது. யோகலிங்கம் கிற்றாரைக் கழற்றப் போனான். எனக்கு வந்த கோபத்துக்கு ட்ரம்ஸ் தடியாலேயே நடுவருக்கு எறிந்திருப்பேன்.

பூரணி எழும்பினாள். "ஐயா, மிச்சத்தையும் படிக்க விடுங்கோ. குச்சவெளிக்குக் கோவிச்சுக்கொண்டு போனது நான்தான்."

அதன்பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. அவன் முழுப் பாட்டையும் படித்தான். பரிசு ஊஞ்சல் பாட்டுக்குப் போனது. நியாயம்தான், அவர்கள் நன்றாகத்தான் பாடினார்கள்.

ட்ரம்ஸை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தோம். பூரணி வந்து நின்றாள்.

"இதை எப்ப கட்டினனீங்கள்?"

"நீர் போன அண்டைக்கு."

"இருபத்தாறு வருசம்!" அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "எனக்கு ஒரு சொல்லுச் சொல்லாமல், இவ்வளவு காலமும் வெள்ளைக்காரருக்கோ படிச்சனீங்கள்?"

"ஓம்" என்றான் யோகலிங்கம். "அவங்களுக்குத் தமிழ் விளங்காதுதானே."