ரப்பர் வளையம்

பழைய ஆயிலை வடித்தாயிற்று. ஆயில் ஃபில்டர்தான் அசையவே இல்லை. காட்டூர் வீட்டு வாசலில் காருக்கு அடியில் படுத்தபடி முழு பலத்தையும் போட்டுப் பார்த்தேன். போன முறை ஆயில் மாற்றிய என் தம்பி பிராங்க்ளின் அதைக் கையால் முறுக்காமல் ஸ்பேனர் போட்டு இறுக்கித் தொலைத்திருந்தான்.

ஆத்திரத்தில் ஸ்குரூடிரைவரை வைத்துச் சுத்தியலால் அடித்தேன். ஃபில்டரைக் கிழித்துக்கொண்டு அது மறுபக்கம் வந்தது. சூடான கறுப்பு ஆயில் முழங்கை வரை வழிந்தது. ஸ்குரூடிரைவரையே பிடியாக வைத்துத் திருகி, ஃபில்டரைப் பிடுங்கி எறிந்தேன்.

வெளியே வந்தபோது பிராங்க்ளின் சிரித்துக்கொண்டு நின்றான்.

"அண்ணே, பழைய ஃபில்டரோட ரப்பர் வளையம் என்ஜின்லயே ஒட்டியிருக்கும். அதுக்கு மேலயே புதுசை மாட்டிடாத. தடவிப் பாரு."

இவன் எனக்குச் சொல்லித்தருகிறானா? கையில் அகப்பட்ட ஸ்பேனரால் அவன் வாயிலேயே அடித்தேன். விழுந்தவனை மறுபடியும் அடித்தேன். இரண்டு பற்கள் என் செருப்பருகே கிடந்தன. ரத்தம் நிற்கவில்லை.

ஆட்டோவைக் கூப்பிட்டால் தெருவே கூடிவிடும். புது ஃபில்டரை அவசரமாகத் திருகி, புது ஆயிலை ஊற்றி, அவனைப் பின்சீட்டில் கிடத்தி ஆஸ்பத்திரிக்கு விரட்டினேன்.

மன்னார்புரத்தை நெருங்கும்போது ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தது. ஓரம் கட்டுவதற்குள் என்ஜின் கடகடவென்று அலறி நின்றேவிட்டது. இறங்கிக் குனிந்தேன். ஃபில்டரின் விளிம்பில் பழையதும் புதியதுமாக இரண்டு வளையங்கள் பிதுங்கித் தொங்கின. வந்த வழி நெடுக ஆயில் கொட்டியிருந்தது.

பின்சீட்டில் பிராங்க்ளின் ரத்தத்தைத் துப்பிவிட்டுக் கேட்டான்.

"தடவிப் பாத்தியாண்ணே?"