எட்டு டம்ளர் தண்ணீர்

காலர் அக்கா என்றால்தான் அந்தத் தையல் ஆலையில் எல்லோருக்கும் தெரியும். பதினோரு வருஷமாகச் சட்டைக்குக் காலர் வைக்கிறாள். சொல்லாமல் ஒரு நாள் விடுப்பு எடுத்ததில்லை. அடுத்த மாதம் காலியாகும் சூப்பர்வைசர் வேலை அவளுக்குத்தான் என்று பேச்சு. அது கிடைத்தால் ஊசியோடு மாரடிக்க வேண்டாம், மங்கிவரும் கண்ணுக்கும் ஓய்வு. அதற்காக எதையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்வாள்.

பொறுத்துக்கொண்டதில் ஒன்று தாகம். முப்பத்தெட்டுப் பெண்கள் உட்காரும் வரிசைக்குக் கழிப்பறை டோக்கன் ஒன்றே ஒன்று. அந்தப் பிளாஸ்டிக் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் போக வேண்டும். போனவள் திரும்பும்வரை அடுத்தவள் நெளிய வேண்டியதுதான். அதனால் வேலை முடியும்வரை யாரும் தண்ணீரே குடிப்பதில்லை. இரண்டு பேருக்குச் சிறுநீரகத்தில் கல்லே வந்துவிட்டது. இதற்குப் பெயர் ஒழுங்காம்!

இந்த நிறுவனம்தான் சமூகப் பொறுப்பு என்று சொல்லிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் குடிநீர் இயந்திரம் கொடுத்தது. தினமும் எட்டு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று பிள்ளைகளிடம் பேசுவதற்குக் காலர் அக்காவை அழைத்துப் போனார் நிறுவனத்தின் தொழிலாளர் நலத்துறை மேடம். மேடம் கெட்டவரில்லை. ஆலையில் மாடியை விட்டுக் கீழே இறங்காதவர், அவ்வளவுதான்.

எழுதிக் கொடுத்ததை அக்கா ஒப்பித்து முடித்தாள். படம் எடுப்பவர் அவள் கையில் டம்ளரைக் கொடுத்தார்.

"குடிங்கக்கா, சிரிச்சிட்டே."

அக்கா உதட்டை நனைத்துவிட்டு இறக்கினாள்.

"நல்லாக் குடிங்க!"

மறுபடியும் உதட்டோடு சரி. மணி பத்தரை. பதினொன்றுக்கு வரிசையில் உட்கார வேண்டும். இந்த நேரத்தில் அவள் தொண்டையில் தண்ணீர் இறங்கி வருஷக்கணக்காகிறது.

முன்வரிசையில் ஒரு சிறுமி எழுந்தாள். "நீங்க ஏன் குடிக்கவே மாட்டேங்கறீங்க? இந்தத் தண்ணி நல்லா இல்லையா?"

தாகமில்லை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் பிள்ளைகள் எல்லோரும் தங்கள் டம்ளரையே சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். அக்காவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"தண்ணி நல்லாத்தான் இருக்கு கண்ணு. நாங்கதான் வேலை நேரத்துல குடிக்கறதில்ல. பாத்ரூம் போக முப்பத்தெட்டுப் பேருக்கு ஒரே டோக்கன்."

சொல்லிவிட்டு டம்ளரை ஒரே மூச்சில் காலி செய்தாள். இன்னொன்று வாங்கி அதையும் குடித்தாள்.

திரும்பும் வண்டியில் மேடத்தின் முகம் சுண்டிப்போயிருந்தது.

"சாயங்காலம் சூப்பர்வைசர் லிஸ்ட் போகுது. இப்ப உங்க பேரை நான் எப்படி எழுதறது? இதை எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே?"

ஆசைப்பட்ட வேலை கைநழுவுவது அக்காவுக்குத் தெரிந்தது. ஆனாலும் சொன்னாள்.

"அந்தப் பொண்ணு கேட்டா மேடம், சொன்னேன். பதினோரு வருஷமா நீங்க யாரும் கேக்கலையே."



வண்டி ஆலைக்குள் போய் நின்றது. காலர் அக்கா இறங்கி, வரிசைக்குப் போகாமல் நேராகக் கழிப்பறைக்கு நடந்தாள். யாரிடமும் டோக்கன் கேட்கவில்லை.