நாத்தனார் கொடுத்த சிறுநீரகம்

மற்ற வீடுகளில் காலையில் போன் வந்தால் "சாப்டாச்சா?" என்று கேட்பார்கள். தையல்காரக்கா தன் தம்பி மனைவியைக் கூப்பிட்டுக் கேட்பது, "இன்னிக்கு எவ்வளவு போச்சு?" என்றுதான். சிறுநீரைத்தான் கேட்கிறாள். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? மூன்று வருடங்களுக்கு முன்னால் அந்தப் பெண்ணின் இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டபோது தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தவள் அக்கா. அதற்கு முன்புவரை நாத்தனாரும் தம்பி மனைவியும் உலக வழக்கப்படி எலியும் பூனையுமாகத்தான் இருந்தார்கள்.

கொடுத்த பிறகும் அக்காவுக்கு அதன்மேல் பாத்தியதை போகவில்லை. அதற்கு "நம்ம ஆளு" என்று பெயர். "நம்ம ஆளு எப்படி இருக்கான்? தண்ணி குடிச்சியா?" என்று அதட்டுவாள்.

அந்தப் பெண் உண்டானதும், டாக்டர் சரியென்ற பிறகும், சொந்தக்காரர்கள் பதறினார்கள். குழந்தையின் கழிவையும் தாயின் ரத்தம்தானே சுமக்க வேண்டும், ஒற்றைச் சிறுநீரகம் எத்தனை பேருக்கு உழைக்கும் என்றார்கள். "குடுத்தவ நான் சொல்றேன், தாங்கும். பெத்துக்கோ" என்றாள் அக்கா. தாங்கியது. ஐந்தாம் மாதம் வரை ஒரு குறையும் இல்லை.

இன்று ஸ்கேன். தம்பிக்கு லீவு கிடைக்காததால் அக்கா துணைக்கு வந்தாள். அடிவயிற்றின் வலப்பக்கம் கருவியை வைத்ததும் திரையில் அவரைவிதை மாதிரி ஒன்று தெரிந்தது.

"மாத்தி வச்ச சிறுநீரகம். அருமையா வேலை செய்யுது" என்றார் டாக்டரம்மா. அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

கருவி குழந்தையின் பக்கம் போனது. டாக்டரம்மா ஒரே இடத்தில் கருவியை இரண்டு மூன்று முறை நகர்த்திப் பார்த்தார்.

"குழந்தையோட மூத்திரப்பை தெரியலையே. சுத்தி இருக்குற தண்ணியும் கொஞ்சம் கம்மி."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் டாக்டர்?" என்றாள் அக்கா.

"இந்த மாசத்துல அந்தத் தண்ணியில பெரும்பங்கு குழந்தை போற மூத்திரம்தாம்மா. அதையே முழுங்கும், திரும்பப் போகும். அழுக்கெல்லாம் தொப்புள்கொடி வழியா அம்மாகிட்ட வந்துடும். இப்பதான் போயிருந்துச்சுன்னா பை காலியா இருக்கும். இல்லேன்னா அதோட சிறுநீரகம் வேலை செய்யலைன்னு ஆகும். அரை மணி நேரம் கழிச்சுப் பாப்போம்."

வெளியே நாற்காலியில் அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இந்தப் பெண்ணுக்குச் சிறுநீரகம் ஏன் கெட்டதென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அந்தக் கோளாறு குழந்தைக்கும் வந்திருந்தால்? தன்னிடம் மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று. சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தது தன் வாய்தானே!

எழுந்துபோய் இரண்டு பாட்டில் தண்ணீர் வாங்கி வந்தாள். "குடி."

"நான் குடிச்சா உள்ள இருக்குறதுக்கு உடனே போயிடுமாக்கா?"

"எனக்கென்ன தெரியும்? குடி."

இரண்டாவது பாட்டில் முடிவதற்குள் அந்தப் பெண் எழுந்துவிட்டாள். "பாத்ரூம் போகணும். உங்க ஆளுக்கும் உங்களை மாதிரியே பொறுமை கிடையாது." அக்கா சிரிக்கவில்லை.

அவள் திரும்பி வந்ததும் அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "பயமா இருக்குடி. நான்தான் உன்னைத் தூண்டிவிட்டேன்."

"நீங்க சொல்லலைன்னாலும் பெத்துக்கத்தான் நினைச்சேன். தினம் பயந்துக்கிட்டே இருந்திருப்பேன். அவ்வளவுதான் வித்தியாசம்."

மறுபடி கூப்பிட்டார்கள். அக்கா திரையைப் பார்க்காமல் மேசைக்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதோ!" என்றார் டாக்டரம்மா.

குழந்தையின் அடிவயிற்றில் கறுப்பாக ஒரு மணி. பை நிறைந்திருந்தது. முதுகெலும்பின் இரு பக்கமும் இரண்டு குட்டிச் சிறுநீரகங்களைக் காட்டினார். "தண்ணி அளவை மட்டும் ரெண்டு வாரத்துல திரும்பப் பாக்கணும். இதுங்க ரெண்டும் வேலை செய்யுது."

அக்கா பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த மணி சுருங்கியது, இன்னும் சுருங்கியது, காணாமல் போனது.

"ஐயோ, எங்க போச்சு?"

"ஒண்ணுக்குப் போயிடுச்சும்மா!"

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. ஊரே கூடிக் கொண்டாட வேண்டிய மூத்திரம் அது. டாக்டரம்மா கருவியை எடுக்கும் முன் குழந்தையின் தலை இருக்கும் இடத்தைக் காட்டினார். அது அவரைவிதையை ஒட்டிச் சாய்ந்திருந்தது.

"நீங்க இவங்களுக்கு என்ன உறவு?" என்று கேட்டார்.

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையில் அந்த விதையைத் தொட்டுக் காட்டினாள்.

"நாத்தனாருங்க. குழந்தைக்கு, பக்கத்து வீடு."