ஏரிக்கரையில் எட்டு வெள்ளைக் கோட்டுகள்

மே மாதம் நான்காம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை, ஏரிக்கரைக் கோடைமுகாமின் வாசலில் இரண்டு பேருந்துகளிலிருந்து அறுபத்து நான்கு குழந்தைகள் இறங்கினார்கள்.

மற்றவர்கள் கையில் பெட்டி இருந்தது, முதுகில் பை இருந்தது. ஒருத்தியின் தோளில் மட்டும், வாயில் கயிறு கோத்து இறுக்கிய நீலக் கித்தான் மூட்டை ஒன்று தொங்கியது. சலவைக்கடைகளில் துணி போட்டு அனுப்புகிற பை. அவளுக்கு வயது பத்து. வீட்டிலும் கடையிலும் அவளை எல்லோரும் பட்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். தவழுகிற வயதில் அப்பாவின் சலவைக்கடைத் தரையில் உதிர்ந்து கிடக்கும் பட்டன்களைத் தேடித் தேடிப் பொறுக்கியவள், ஒன்றிரண்டை விழுங்கியும் வைத்தவள் என்பதால் வந்த பெயர்.

இந்த முகாமுக்கு வர அவள் மூன்று கோடையாக வீட்டில் தவம் கிடந்திருந்தாள். அம்மாவுக்கு இஷ்டமே இல்லை. கடைசியில் அரை மனதாகத் தலையாட்டியபோதும் கூடவே ஒரு நிபந்தனையைப் போட்டாள்.

"அங்கேர்ந்து ஒரே ஒரு போன் வரட்டும். அழுதா, காய்ச்சல், அதைக் காணோம் இதைக் காணோம்னு எதுவா இருந்தாலும் சரி. அந்த நிமிஷமே உங்க அப்பா வேனை எடுத்துட்டு வந்துடுவார். அதோட முகாம் பேச்சே இந்த வீட்ல எடுக்கக் கூடாது."

பெட்டி வாங்குவதா வேண்டாமா என்பதில் இன்னொரு சண்டை. அதில் ஜெயித்தது அப்பா. "நம்ம பையை விட உறுதியான பை எந்தக் கடையில கிடைக்கும்? மழை, சேறு எதுக்கும் அசையாது" என்று தானே எல்லாவற்றையும் மடித்து அடுக்கி, கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். பட்டன் விட்டுக்கொடுத்துவிட்டாள். பையைக் காரணம் காட்டி மறுத்தால் பயணமே போய்விடும் என்கிற கணக்கு அவளுக்குத் தெரியும்.

முகாமில் குடிலுக்கு எட்டுப் பேர். மரப்பலகைச் சுவர், நான்கு அடுக்குக்கட்டில்கள், ஏரியைப் பார்த்த ஒரு ஜன்னல். ஒவ்வொரு குடிலுக்கும் பொறுப்பாக ஒரு கல்லூரி மாணவி. குழந்தைகள் அக்கா என்று கூப்பிட்டார்கள். இந்தக் குடிலின் அக்கா வந்ததும் விதிகளைச் சொன்னாள். செல்போனை இப்போதே கொடுத்துவிட வேண்டும். நீச்சல் தேர்வில் தேறியவர்களுக்குப் புதன்கிழமை மதியம் படகில் தீவுக்குப் பயணம். சாப்பாட்டுக் கூடத்தில் முறை வைத்து ஒவ்வொரு குடிலும் மற்ற எல்லோருக்கும் பரிமாற வேண்டும். எப்படிப் பரிமாறுவது என்பது அந்தந்தக் குடிலின் இஷ்டம்.

"யாருக்காவது ஏதாவது இல்லேன்னா என்கிட்ட கேளுங்க. ஆபீஸ்லேர்ந்து வீட்டுக்குப் போன் பண்ணிடலாம்" என்று முடித்துவிட்டு அவள் அடுத்த வேலைக்குப் போனாள்.

பட்டன் கீழ்க்கட்டிலில் உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்தாள். கஞ்சி போட்ட துணியின் வாசனை குப்பென்று எழுந்தது. உள்ளே அவளுடைய கட்டம்போட்ட இரவு உடை இல்லை, நீச்சல் உடை இல்லை, துணி யானைப் பொம்மை இல்லை. கத்தி மாதிரி மடிப்பு வைத்து இஸ்திரி போட்ட வெள்ளைக் கோட்டுகள் மட்டும் இருந்தன. மொத்தம் பன்னிரண்டு. ஓட்டலில் பெரிய விருந்து நடக்கிற நாளில் சர்வர்கள் மாட்டிக்கொள்கிற கோட்டு.

நடந்தது அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. விடியற்காலையில் கடைவாசலில் இரண்டு நீலப் பைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்று பேருந்துக்கு, ஒன்று ஓட்டலுக்கு. அப்பா இரண்டையும் மாற்றித் தூக்கிக் கொடுத்துவிட்டார். ஒருவர் சட்டை இன்னொருவர் வீட்டுக்குப் போனதாகச் சரித்திரமே இல்லை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மார்தட்டுகிற அப்பா.

மேல்கட்டிலிலிருந்து ஒரு தலை தொங்கியது. "ஏய், நீ ஓட்டல் வெச்சிருக்கியா?"

கேட்டவள் பேருந்திலேயே வாதாடி ஜன்னலோர இடம் வாங்கியவள். அவள் அம்மா உண்மையாகவே வக்கீல். குடிலில் இவளுக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. எதிர்க்கட்டிலில் தடித்த மூக்குக்கண்ணாடி போட்ட ஒருத்தி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

பட்டன் சொல்லவேண்டியதைச் சொன்னாள். "போன் போச்சுன்னா நான் போயிடணும்டீ. இன்னிக்கு சாயந்திரமே."

"போட்டுட்டு வந்த டிரஸ் ஒண்ணு இருக்குல்ல?" என்றாள் கண்ணாடி.

"ஒண்ணுதான் இருக்கு."

"என்கிட்ட நீச்சல் டிரஸ் ரெண்டு இருக்கு. எங்க அம்மா எல்லாமே ரெண்டு ரெண்டா வெப்பாங்க. கண்ணாடி கூட ரெண்டு."

வக்கீல் ஏணியைத் தொடாமல் குதித்து இறங்கி, ஒரு கோட்டை எடுத்து மாட்டிப் பார்த்தாள். முழங்கால் வரை வந்தது. கைகளை மூன்று மடிப்பு மடித்தாள். "இங்க பாருங்க. ஒருத்தி மட்டும் போட்டா, ஏன்னு கேப்பாங்க. எட்டுப் பேரும் போட்டா அது யூனிஃபார்ம். யூனிஃபார்மைப் பார்த்து யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க."

இதற்கு எதிர்வாதம் செய்ய அந்தக் குடிலில் ஆள் இல்லை. ஐந்து நிமிடத்தில் எட்டுப் பேரும் வெள்ளையில் நின்றார்கள். மிச்சம் நான்கைப் பட்டன் தன் தலைமாட்டில் பத்திரமாக வைத்தாள்.

வெளியே வந்ததும் முதலில் எதிர்ப்பட்டவர் முகாமின் தலைவர். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். பேச்சைக்கூட விசிலில்தான் ஆரம்பிப்பார். விசில் சார் எட்டுப் பேரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன இது, ஆஸ்பத்திரியா?"

"எங்க குடிலோட யூனிஃபார்ம் சார்" என்றாள் வக்கீல், கண்ணிமைக்காமல்.

"ஓ" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த குடிலை விரட்டப் போனார்.

அன்று படுத்த பிறகு பட்டனுக்கு யானைப் பொம்மை நினைவு வந்து அழுகை வந்தது. சத்தம் வராமல் கோட்டின் கைநுனியைக் கடித்துக்கொண்டு தூங்கிப்போனாள். காலையில் எழுந்தபோது தலையணை ஓரத்தில் உறை பிரிக்காத ஒரு பல் தேய்க்கும் பிரஷ் கிடந்தது. யார் வைத்தது என்று கேட்டாள். எல்லோரும் உதட்டைப் பிதுக்கினார்கள்.

அதற்கப்புறம் பொம்மையை நினைக்க அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. விசில் சத்தத்துக்கு எழவேண்டும், படுக்கையைத் தட்டவேண்டும், ரொட்டிக்கும் முட்டைக்கும் வரிசையில் நிற்கவேண்டும். கயிற்றேணியில் ஏற வேண்டும், விழ வேண்டும். புல்மேட்டின் உச்சியிலிருந்து அடிவாரம் வரை படுத்தபடி உருள வேண்டும். அதற்கு யாரும் உத்தரவு போடவில்லை, ஆனால் செய்யாதவர்கள் யாரும் இல்லை. சாயங்காலம் சுள்ளி பொறுக்கித் தீ மூட்டி, உருளைக்கிழங்கைச் சாம்பலில் புதைத்து, வேகும்வரை பொறுக்காமல் பாதி வெந்ததையே ஊதி ஊதித் தின்றார்கள். கோட்டுகள் வெள்ளையாக வந்தவை. திங்கட்கிழமை முடிவதற்குள் அந்த விஷயத்தை நம்புவது கஷ்டமாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலை நீச்சல் தேர்வு. கண்ணாடியின் இரண்டாவது நீச்சல் உடை பட்டனுக்கு இரண்டு சுற்றுப் பெரிது. தோளில் ஊக்கு குத்தி இறுக்கிக்கொண்டாள். ஏரித் தண்ணீர் சில்லிட்டது. மிதவை வரை போய்த் திரும்ப வேண்டும். போகும்போது மூச்சு வாங்கியது. திரும்பும்போது கரையில் நின்ற ஏழு வெள்ளைக் கோட்டுகளும் கையை ஆட்டிக் கத்திய கத்தலில் கால் தானாக அடித்தது. விசில் சார் ஒரு தடவை ஊதினார். தேறிவிட்டாள் என்று அர்த்தம்.

அன்று மதியம் பரிமாறும் முறை இவர்களுடையது. முகாமில் வழக்கமாகக் குழந்தைகள் சட்டியைத் தூக்கிவந்து நங்கென்று மேசையில் வைப்பார்கள். இந்த எட்டுப் பேர் அடுப்படித் துவாலையை இடதுகையில் மடித்துப் போட்டுக்கொண்டு வரிசையாக வந்தார்கள். ஓட்டலுக்குத் துணி கொடுக்க அப்பாவுடன் போகும்போதெல்லாம் பட்டன் பார்த்து வைத்திருந்ததை மற்றவர்களுக்குப் பழக்கிவிட்டிருந்தாள்.

"ஐயாவுக்கு இன்னும் கொஞ்சம் சூப் ஊத்தட்டுங்களா?" என்று ஒன்பது வயதுப் பையனிடம் குனிந்து கேட்டாள். அவன் அதுவரை யாரும் தன்னை ஐயா என்று கூப்பிட்டுக் கேட்டதில்லை. மூன்று தடவை ஊற்றிக்கொண்டான்.

"இங்க டிப்ஸ் உண்டா?" என்று விசில் சார் கேட்டார்.

"உண்டு சார். நாளைக்குத் தீவுல கூட ஒரு மணி நேரம்" என்றாள் வக்கீல். கூடமே கைதட்டியது. சூப்பில் பாதி கோட்டுகள் மேல்தான் சிந்தியிருந்தது.

புதன்கிழமை காலை பத்து மணி வாக்கில், படகுக்கு மிதவை அங்கிகளை அளவு பார்த்துக்கொண்டிருந்தபோது, மண்பாதையில் ஒரு வேன் வந்து நின்றது. அந்தக் கதவு சாத்துகிற சத்தத்தைப் பட்டன் எந்த ஊரில் கேட்டாலும் கண்டுபிடித்துவிடுவாள்.

அப்பா தோளில் நீலப் பையுடன் இறங்கினார். முகம் வெளுத்திருந்தது.

"ஓட்டல்லேர்ந்து போன் வந்துதும்மா. இன்னிக்கு ராத்திரி அங்க பெரிய விருந்து. மேனேஜர் இப்பதான் பையைப் பிரிச்சிருக்கார். உன் யானை அவர் மேசை மேல உக்காந்திருக்கு. 'இதை எந்த சர்வருக்குப் போடணும்'னு கேக்கறார்." அவருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "மூணு நாளா மாத்துத்துணி இல்லாம இருந்தியா? ஏம்மா சொல்லலை?"

"சொன்னா கூட்டிட்டுப் போயிடுவீங்களே."

"அம்மா வண்டியை அனுப்பும்போதே சொல்லிட்டா, போன் வந்தாச்சு, பொண்ணையும் கையோட கூட்டிட்டு வாங்கன்னு."

பட்டன் தலையைக் குனிந்துகொண்டாள். மாட்டிய மிதவை அங்கியின் கொக்கியை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தாள். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"மாமா, ஒரு நிமிஷம்." வக்கீல் முன்னால் வந்து நின்றாள். "ஆன்ட்டி என்ன சொன்னாங்க? முகாம்லேர்ந்து போன் வந்தா, அப்படித்தானே? இது ஓட்டல்லேர்ந்து வந்த போன். எங்க பக்கத்துலேர்ந்து போன் போகவே இல்லை. இன்னொண்ணு. பையை மாத்திக் கொடுத்தது கடை. கடை செஞ்ச தப்புக்குக் கஸ்டமரைத் தண்டிக்கலாமா?"

அப்பா அவளையே பார்த்தார். "யாரும்மா இது?"

"எங்க குடில் வக்கீல்" என்றாள் கண்ணாடி.

அப்பா பட்டனின் கோட்டுக் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினார். கறையைப் பார்த்தால் அது வந்த வழி அவருக்குத் தெரியும், தொழில் அது. முழங்கையில் பச்சை. "புல்லுல உருண்டிருக்கே." மார்பில் பழுப்பு. "இது சூப்." விளிம்பில் கருப்பு. "தீ மூட்டினீங்களா? கிட்டப் போகலையே?" கைநுனியில் கசங்கிச் சுருங்கிய இடத்துக்கு வந்ததும் நிறுத்தினார். "இது?"

"அது முதல் நாள்" என்றாள் பட்டன். "அன்னிக்கு மட்டும்தான்."

அவர் மற்ற கையையும் திருப்பிப் பார்த்தார். அங்கே சேறும் சாம்பலும்தான் இருந்தன.

குடிலின் அக்கா அதற்குள் வந்து சேர்ந்திருந்தாள். "முதல் நாள் ராத்திரியே தெரியும் சார். பிரஷ் இல்லாம வந்த பொண்ணை நான் கவனிக்காம இருப்பேனா? அவ எதையும் இல்லேன்னு கேக்கலை. நல்லா சாப்பிட்டா, சிரிச்சா. கேட்டிருந்தா அப்பவே போன் பண்ணியிருப்பேன்."

"கூட்டிட்டுப் போறது அப்புறம்" என்றார் அப்பா, சட்டைக் கையை மடித்துக்கொண்டே. "ராத்திரி விருந்துக்குப் பன்னண்டு கோட்டு வேணும். நாலுதான் தேறும் போலிருக்கு. இங்க தண்ணி எங்க இருக்கு?"

குடிலுக்குப் பின்னால் சிமெண்டுத் தொட்டி இருந்தது. அடுத்த ஒரு மணி நேரம் அந்த இடம் சலவைக்கடை ஆயிற்று. "சூப்புக்கு மொதல்ல பச்சைத் தண்ணி. கரி பட்ட இடத்தைத் தேய்க்காதே, அப்பிக்கும், உதறு. ஏ வக்கீலம்மா, வாயால துவைக்காதே, கையால துவை!" எட்டுப் பேரும் தலையிலிருந்து கால்வரை நுரை. விசில் சார் என்ன கலவரம் என்று பார்க்க வந்தார். ஆளுக்கொரு முனை பிடித்து முறுக்கிப் பிழிய ஆள் குறைகிறது என்று அவர் கையிலும் ஒரு கோட்டைக் கொடுத்தார்கள். ஊத முடியாமல் பல்லில் விசிலைக் கடித்துக்கொண்டு முறுக்கினார். இரண்டு மரங்களுக்கு நடுவே கயிறு கட்டி, எட்டுக் கோட்டுகளையும் தொங்கவிட்டார்கள். ஏரிக்காற்றில் அவை கையை விரித்து ஆடின.

"முக்கால் பதம் காஞ்சா போதும். மிச்சத்தை இஸ்திரி பார்த்துக்கும்" என்று அப்பா வியர்வையைத் துடைத்துக்கொண்டார். பிறகு வேனுக்குப் போய், போனை எடுத்து, வீட்டுக்குப் பேசினார். பட்டன் தொட்டி ஓரத்தில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"நான்தான். பார்த்துட்டேன். நல்லா இருக்கா... இல்லை, கூட்டிட்டு வரலை... தப்பு என்னோடது, நான்தான் பையை மாத்திட்டேன். ஆமா, நானேதான் சொல்றேன், வேணும்னா எழுதிக் கொடுக்கறேன்..." மறுமுனையில் வெகுநேரம் பேச்சு ஓடியது. "சரி. தலையைத் துவட்டிக்கச் சொல்றேன்."

அவர் திரும்பி வருவதற்குள் பட்டன் மிதவை அங்கியின் கொக்கிகளை மறுபடியும் மாட்டிவிட்டிருந்தாள்.

"அம்மா தலையை நல்லாத் துவட்டிக்கச் சொன்னா" என்றார் அப்பா, நீலப் பையை அவளிடம் நீட்டி. "பிரிச்சுப் பார்த்துக்கோ. என்னை நம்பாதே."

யானைப் பொம்மையை மேனேஜர் பைக்குள் போட மறந்திருந்தார். மற்றதெல்லாம் இருந்தது.

மதியம் இரண்டு மணிக்குப் படகுகள் தீவுக்குப் புறப்பட்டன. பட்டன் முதல் படகில் இருந்தாள். அன்று இரவு ஓட்டல் விருந்தில் பன்னிரண்டு சர்வர்களும் வெள்ளைக் கோட்டு அணிந்து பரிமாறினார்கள். ஒருவருடைய கோட்டுப் பையில் ஏரிக்கரைக் கூழாங்கல் ஒன்று இருந்தது. சனிக்கிழமை முகாம் முடிந்து பட்டன் பேருந்தில் வீடு திரும்பினாள். ஜூன் மாதத்தில் அம்மா, அடுத்த கோடைக்கென்று ஒரு பெட்டி வாங்கினாள். சிவப்பு நிறம்.