அண்ணி பிடித்த மைக்

கண்ணாடிக்காரம்மா என்றால் அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கடைத்தெரு முனையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவள். ஊரில் பாதிப் பேரின் மூக்கில் அவள் மாட்டிவிட்ட கண்ணாடிதான் உட்கார்ந்திருந்தது. அவள் மாநிலச் சட்டமன்றத் தேர்தலில் நிற்கிறாள் என்ற செய்தி பரவியபோது, "கண்ணு தெரியாத அரசாங்கத்துக்குக் கண்ணாடி போடப் போறாங்க போல" என்று கடைத்தெருவே சிரித்தது.

அவள் நின்றதற்குக் காரணம் ஒன்றே ஒன்று. ஊர் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டைப் பூட்டிவிட்டார்கள். டாக்டர் கிடைக்கவில்லை, நர்ஸ் கிடைக்கவில்லை என்று ஏதேதோ சொன்னார்கள். வலி எடுத்தால் ஆற்றுப்பாலம் தாண்டி அடுத்த நகரத்துக்கு ஓட வேண்டும். இரண்டு குழந்தைகள் காரிலேயே பிறந்துவிட்டன. மனுக் கொடுத்துக் கொடுத்துச் சலித்துப்போய், ஒருநாள் கடையில் அவள், "இதுக்கு நானே நின்னுடலாம் போலிருக்கு" என்று வாய்விட்டுச் சொல்லப்போக, லென்ஸ் மாற்ற வந்திருந்தவர்கள் "அப்போ நில்லுங்க" என்று பிடித்துக்கொண்டார்கள். விடவே இல்லை. சுயேச்சையாக நின்றாள்.

வீட்டில் கணவன் சரி என்றான். சரி என்று சொல்லாதவர், அதே வீட்டு மாடியில் குடியிருந்த நாத்தனார், கணவனின் அக்கா; இவள் 'அண்ணி' என்று கூப்பிடுகிறவர். பேக்கரியில் கல்லாவில் உட்காருகிறவர். சிரிப்பைச் சிக்கனமாகவும் குறையைத் தாராளமாகவும் செலவழிக்கிற ஆள். "வீட்டைக் கட்டி ஆள முடியல, ஊரைக் கட்டி ஆளப் போறாளாம்" என்று அவர் தம்பியிடம் சொன்னது, கீழே இருந்தவள் காதில் விழுந்தது. அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. மாடிப்படியில் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரைப் பார்ப்பார், இன்னொருவர் கைப்பிடியைப் பார்ப்பார்.

கண்ணாடிக்காரம்மாவின் பலமே பேச்சுதான். கடையில் பேசிப் பழகிய வாய். தெருத்தெருவாக நின்று பேசினாள். கூட்டம் மெல்லமெல்லக் கூடியது. கடைசி வாரம் தொடங்கிய காலையில் எழுந்து கணவனைக் கூப்பிட்டாள். காற்றுதான் வந்தது. குரல் வரவில்லை.

"குரல்வளை வீங்கிப் போயிருக்கு. தேர்தல் முடியுற வரைக்கும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. கிசுகிசுன்னுகூட வேண்டாம். மீறிப் பேசினா அப்புறம் குரலே திரும்பாது, சொல்லிட்டேன்" என்றார் வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டர்.

அன்று மாலைக் கூட்டத்தில் கணவன் மைக்கைப் பிடித்தான். அவன் எலெக்ட்ரீஷியன். மின்சாரம் ஓடுகிற கம்பியைக்கூடப் பயமில்லாமல் தொட்டுவிடுவான். மைக் அவனைத் தூக்கி அடித்துவிட்டது. "அன்பார்ந்த..." என்றான். மறுபடியும் "அன்பார்ந்த..." என்றான். மூன்றாவது தடவை கூட்டமே அவனுக்காக அதைச் சொன்னது. வீட்டுக்கு வந்து இருவரும் சமையலறையில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தார்கள். அவள் சத்தமில்லாமல் அழுதாள். சத்தமாக அழவும் அனுமதி இல்லை.

மறுநாள் காலை பிரச்சார வேன் வாசலில் வந்து நின்றபோது, மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. நாத்தனார் தலை வாரி, கைப்பையோடு இறங்கி வந்தார்.

"பேக்கரியில லீவு சொல்லிட்டேன். வண்டியில இடம் இருக்கா, இல்ல தொங்கிட்டு வரணுமா?"

கணவன் வாயைப் பிளந்தான். கண்ணாடிக்காரம்மா ஏதோ கேட்க உதட்டை அசைத்தாள்.

"நீ வாயைத் திறக்காதே! டாக்டர் சொன்னது மாடி வரைக்கும் கேட்டுது. ஏறு" என்றார் நாத்தனார்.

முதல் இடம் அட்டைப்பெட்டித் தொழிற்சாலை வாசல். ஷிஃப்ட் மாறுகிற நேரம். வேலை முடிந்து வெளியே வந்தவர்கள் வேனைச் சுற்றி நின்றார்கள். நாத்தனார் மைக்கை வாங்கி, அதில் அழுக்கு இருக்கிறதா என்று பார்த்து, கைக்குட்டையால் துடைத்துவிட்டுத் தொடங்கினார்.

"எனக்கு மேடைப்பேச்செல்லாம் வராது. இவ என் தம்பி பொண்டாட்டி. எனக்கும் இவளுக்கும் ஆகவே ஆகாது."

வேன் டிரைவர் தலையில் கைவைத்துக்கொண்டார். கண்ணாடிக்காரம்மாவால் மைக்கைப் பிடுங்கினாலும் பேச முடியாது. கும்பிட்ட கையை இறக்காமல் நின்றாள்.

"இவ தேர்தல்ல நிக்கிறது எனக்குப் பிடிக்கல. நேத்து வரைக்கும் பேச்சே இல்ல. ஆனா ஒண்ணு சொல்றேன், கேளுங்க. என் வீட்டுக்காரர் பக்கவாதம் வந்து ஒன்றரை வருஷம் படுத்த படுக்கையா கிடந்தார். நான் வேலைக்குப் போனாத்தான் பிழைப்பு. தினம் மத்தியானம் இவ கடையைச் சாத்திட்டு வந்து, அவரைப் புரட்டிப் படுக்க வெச்சு, சாப்பாடு ஊட்டி, பேப்பர் படிச்சுக் காட்டிட்டுப் போவா. அவர் போய்ச் சேர்ற வரைக்கும் முதுகுல ஒரு புண்ணு வரல. அதை ஒருநாள் இவ எங்கிட்டச் சொல்லிக் காட்டினதில்ல. நானும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்ல. வாயை இன்னும் கொஞ்சம் நல்லா துடைச்சு விட்டிருக்கலாமேன்னு குறைதான் சொன்னேன்."

கூட்டம் சிரித்தது.

"அந்தக் கையை நம்பித்தான் ஓட்டுக் கேக்குறேன். வார்டைத் திறக்குற வரைக்கும் இவ யாரையும் நிம்மதியா இருக்க விடமாட்டா. எத்தனை வருஷமா என்னையே விடல! அவ்வளவுதான். போங்க, போய்ச் சாப்பிடுங்க."

கைதட்டல் தொழிற்சாலைச் சுவரில் மோதித் திரும்பியது. கண்ணாடிக்காரம்மாவுக்கு எதிரே இருந்த முகங்கள் எல்லாம் கலங்கித் தெரிந்தன. அந்த மத்தியானங்களை அண்ணி கவனிக்கவே இல்லை என்றுதான் அவள் இத்தனை காலமும் நினைத்திருந்தாள். சொந்தக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு பேச்சு அண்ணியுடையது, நடை இவளுடையது. இவள் பேச முடியாததால் ஒரு புது விஷயம் நடந்தது: மற்றவர்கள் பேசினார்கள். முன்பெல்லாம் கேட்டுவிட்டுத் தலையாட்டிப் போனவர்கள், இப்போது கையைப் பிடித்துக்கொண்டு மனதில் உள்ளதைக் கொட்டினார்கள். காரில் பிள்ளை பெற்ற பெண் ஒருத்தி, அந்தக் குழந்தையையே தூக்கிவந்து இவள் கையில் கொடுத்தாள். ஒவ்வொரு வீட்டிலும் தொண்டைக்கு ஒரு வைத்தியம் கிடைத்தது. ஒருவர் தேன் தந்தார், ஒருவர் மிளகைத் தட்டித் தந்தார், ஒரு அம்மாள் தன் கம்பளிச் சால்வையைக் கழற்றி இவள் கழுத்தில் சுற்றிவிட்டார். நாற்சந்தியில் ஒருமுறை ஆளுங்கட்சி வேன் எதிரே வந்தது. அதன் டிரைவர் பாட்டை நிறுத்திவிட்டு, "நீங்க முடிங்கம்மா, என் பொண்டாட்டிக்கும் அடுத்த மாசம் தேதி" என்றார்.

முக்கி முனகித்தான் ஜெயித்தாள். ஆனாலும் ஜெயித்துவிட்டாள். வார்டு திறப்பதற்கு அதற்கப்புறம் ஒரு வருஷம் ஆனது, அது தனிப் போராட்டம். முடிவு வந்த அன்று தெருத்தெருவாகப் போய் எல்லோருக்கும் நன்றி சொன்னாள். குரல் கரகரவென்று திரும்பியிருந்தது. கடைசியாக மாடிப்படி ஏறினாள்.

நாத்தனார் வெந்நீர் வாளியில் காலை விட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நின்று பேசிப் பேசிப் பாதம் வீங்கியிருந்தது.

"அண்ணி..."

"நன்றி கின்றின்னு ஆரம்பிக்காதே. வீட்டுக்குள்ள யாராவது அதெல்லாம் சொல்லுவாங்களா? கேக்கவே கூச்சமா இருக்கு."

"சொல்லத்தான் போறேன். குறுக்கே பேசாதீங்க. இத்தனை நாள் நீங்க பேசினீங்க, நான் வாயை மூடிட்டுக் கேட்டேன்ல?"

அவள் தரையில் உட்கார்ந்து சொன்னாள். குரல் போய்த் தவித்த நாளில் படியிறங்கி வந்ததற்கு, ஊர் முன்னால் தன்னைப் பற்றி உண்மையைச் சொன்னதற்கு, அந்த மத்தியானங்களை மறக்காமல் வைத்திருந்ததற்கு. ஒவ்வொன்றாக, விடாமல். நாத்தனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அவருக்கு நீ பேப்பர் படிக்கிறதுன்னா ரொம்பப் பிடிக்கும். எங்கிட்டச் சொல்லியிருக்கார். அதை உங்கிட்டச் சொல்லணும்னு நினைச்சுட்டே இருந்தேன்" என்றார் திரும்பாமலே.

இவள் அவர் முழங்காலில் கை வைத்தாள். அவர் அதைத் தட்டிவிடவில்லை. வாளித் தண்ணீர் ஆறிப்போயிருந்தது. கண்ணாடிக்காரம்மா எழுந்து போய் மறுபடியும் அடுப்பில் தண்ணீர் வைத்தாள்.