செட்டுக்கு எத்தனை?

என் சாப்பாட்டுப் பையைக் கம்பெனி கேட்டில் வைத்து செக்யூரிட்டி ஆட்கள் தலைகீழாகக் கவிழ்த்தார்கள். செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தரை மணி. கம்பெனி பஸ்ஸில் ஒரு ஜன்னல் விடாமல் முகம். டிபன் டப்பா உருண்டு, மிச்சமிருந்த புளிசாதம் தரையில் சிந்தியது. வண்டிச் சக்கரத்துக்குப் போடுகிற அறுநூறு ரப்பர் புஷ்ஷை நான் அந்த டப்பாவுக்குள் வைத்துக் கடத்தினேனாம்!

பதினோரு வருடமாக மறைமலைநகரில் இந்தக் கம்பெனியின் ஸ்டோர் என் பொறுப்பு. அச்சரப்பாக்கத்தில் இரண்டாவது ஆலை வந்ததும் நோட்டுப் புத்தகம் தாங்கவில்லை. இங்கே சரக்கு தூங்கும், அங்கே வண்டி காத்து நிற்கும். கொள்முதல், இருப்பு, அனுப்புதல் எல்லாம் ஒரே திரையில் தெரிகிற சாஃப்ட்வேர் வேண்டும் என்று முதலில் கேட்டதே நான்தான். வந்தது, நல்லதுதான். ஆனால் அதற்கு விவரம் கொடுத்தவர் மேனேஜர் ஹரிஹரன். ஸ்டோர் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல், ஏசி அறையில் உட்கார்ந்தே எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இரண்டே மாதத்தில் என் ஸ்டோரில் அறுநூறு புஷ் குறைந்தது.

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாது ரெஜினா. நீதான் சொல்ற" என்றார் மேனேஜர். பதினோரு வருடம் ஒரு ஆணிகூடக் குறையாமல் காத்தது அவர் கண்ணில் படவே இல்லை.

மறுநாள் காலை முதல் வேலையாக அச்சரப்பாக்கம் ஸ்டோரில் இருக்கும் பூபாலனுக்குப் போன் போட்டேன்.

"தம்பி, உன் புஷ்ஷ எண்ணு. சிஸ்டத்துல எவ்ளோ கீது, கையில எவ்ளோ கீதுன்னு சொல்லு."

ஒரு மணி நேரத்தில் கூப்பிட்டான். "அக்கா, அறுநூறு ஜாஸ்தியா கீது! பேஜாரா போச்சுக்கா, யாரு அனுப்புனது?"

"நான்தான்டா!"

போன மாதம் அவன் முந்நூறு செட்டு கேட்டிருந்தான். மறைமலைநகரில் செட்டு என்றால் இடது, வலது என்று இரண்டு. அச்சரப்பாக்கத்திலோ நாலு சக்கரத்துக்கும் சேர்த்து நாலு. அவன் கேட்டால் நாலு நாலாகக் கட்டி அனுப்புவது எனக்குக் கைப்பழக்கம். ஆயிரத்து இருநூறு போயிருக்கிறது. மேனேஜரின் பட்டியலில் எல்லோருக்கும் செட்டு இரண்டுதான் என்பதால் சாஃப்ட்வேர் அறுநூறை மட்டும் கழித்திருக்கிறது.

இரண்டு ஆலையிலும் எண்ணிய கணக்கை மேனேஜரின் திரையில் தெரிந்த இருப்புக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். இங்கே குறைந்தது அங்கே கூடியிருந்தது.

"சரி விடுங்கம்மா, சின்ன மிஸ்டேக். சிஸ்டத்துல திருத்திடலாம்" என்றார். நேற்று 'நீ', இன்று 'நீங்க'! "இன்னும் நாப்பது ஐட்டம் இப்படி இருக்கும் போல. அடுத்த மாசம் செங்கல்பட்டுல மூணாவது யூனிட் வேற வருது. நீங்க கூட உட்கார்ந்து ஒவ்வொண்ணா சொன்னா..."

"சொல்றேன் சார். சிஸ்டத்துல நீங்க திருத்திடுவீங்க, கேட்டுல யாரு திருத்துவா? பஸ்ல கீறவங்க உங்க திரையப் பாக்கல, என் டப்பா உருண்டதத்தான் பாத்தாங்க. அஞ்சரைக்கு பஸ்ஸாண்ட வந்து, நான் எடுக்கலன்னு அவங்ககிட்ட சொல்லுங்க. அப்புறம் நாப்பதும் சொல்றேன்."

வந்தார். பஸ் படிக்கட்டில் ஏறி நின்று, தரையைப் பார்த்தபடி ஏதோ முணுமுணுத்தார். என்ஜின் இரைச்சலில் முதல் சீட்டுக்கே கேட்டிருக்காது.

நான் டிரைவர் முனிசாமியைப் பார்த்தேன்.

"அண்ணாத்த, இன்ஜின ஆஃப் பண்ணு. சார் இன்னொரு தபா சொல்லுவாரு."