லகரமும் ணகரமும்

தில்லைநாயகி நாற்பத்தாறு வயதில் பரீட்சைக்குப் படித்தாள். புத்தகப் படிப்பு அல்ல, விரல் படிப்பு. சூரிச்சை ஒட்டிய ஷ்லீரனில் அவள் கூட்டித் துடைக்கிற முதியோர் இல்லத்தின் அலுவலகத்துக்குத் தட்டச்சு தெரிந்த ஓர் ஆள் தேவைப்பட்டது. நிமிடத்துக்கு இருநூற்றைம்பது தட்டு, நூறு தட்டுக்கு ஒரு பிழைக்கு மேல் கூடாது, அதற்கு ஒரு சான்றிதழ். இவ்வளவுதான் கேட்டார்கள். பதினொரு வருஷமாக வாளியும் துடைப்பமுமாக அந்த அறைக்குள் போய் வந்தவளுக்கு, அந்தக் கதிரையில் உட்கார்ந்துவிட வேண்டும் என்று இருந்தது. ஆசைப்பட்டதில் என்ன பிழை?

தட்டச்சு அவளுக்குப் புதிதும் அல்ல. கொழும்பில் ஓர் அச்சகத்தில் பாமினி எழுத்துருவில், ஆங்கில விசைகளிலேயே தமிழ் அடித்தவள். பலகையைப் பார்க்கவே மாட்டாள். ஆனால் இந்த நாட்டு ஜெர்மன் விசைப்பலகையில் Y-யும் Z-உம் இடம் மாறிக் கிடக்கின்றன. இவள் Zürich என்று அடிக்கப் போனால் Yürich என்று வந்து நிற்கும். பக்கத்தில் கைத்தொலைபேசியில் நேரம் பிடித்துக்கொண்டிருக்கும் மகள் யாதவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

"அம்மா, இது எந்த ஊர்? ட்ராம் போகுமோ?"

"பல்லைக் காட்டாமல் நேரத்தைப் பார்."

மூன்று மாதம் விடாப்பிடியாக இருந்தாள். வேலையால் வந்து தேத்தண்ணி குடித்த கையோடு உட்கார்ந்துவிடுவாள். நூற்றைம்பது நூற்றெண்பதாகி, இருநூற்றுப் பத்தாகி, மே மாதத்தில் இருநூற்று நாற்பதைத் தொட்டது. Z எங்கே என்று யோசிக்குமுன்பே விரல் மேல் வரிசைக்குப் போய்விடும். யாதவி கணக்கைத் தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினாள். தில்லைநாயகிக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த மே மாதத்தில்தான் ஊரில் யுத்தம் முடிந்தது. தப்பி வந்த சனத்தை முள்ளுக்கம்பிக்குப் பின்னால் முகாம்களில் அடைத்திருந்தார்கள். யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று தெரியாமல் இங்கே ஒவ்வொரு வீடும் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தது. ஷ்லீரனில் ஒரு சின்ன மண்டபத்தில் மகேந்திரன் என்பவர், முகாம்களில் உயிரோடு இருப்பவர்கள் என்று வவுனியாவில் இருந்து தொலைபேசியில் வரும் பெயர்களைக் கொப்பியில் எழுதிக்கொள்வார். பெயர், வயது, ஊர், ஓரத்தில் முகாம். அதற்குமேல் கேட்பதற்குள் இணைப்பு அறுந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் தில்லைநாயகி போய் அந்தக் கொப்பியைப் பார்த்துக் கணினியில் அடித்துக் கொடுப்பாள். அது உடனே இணையத்துக்குப் போகும்.

மண்டபத்துக் கணினி லண்டனில் இருந்து யாரோ கொடுத்தனுப்பியது. ஆங்கில விசைப்பலகை, அவள் கொழும்பில் பழகிய அதே பலகை. அதனால் அவள் ஒன்றையும் யோசிக்கவில்லை. பெயர்களை அள்ளிக் கொட்டினாள். "தங்கச்சிக்கு என்ன, மெசின் கையல்லோ!" என்று மகேந்திரன் வியந்தார்.

அடுத்த ஞாயிறு மதியம் லாங்கன்தால் என்ற ஊரில் இருந்து ஒருவர் ரயில் பிடித்து வந்தார். பெயர் உருத்திரமூர்த்தி, ஐம்பது வயதிருக்கும். கையில் ஒரு பெட்டி கேக். அழுது வீங்கிய கண்ணோடு ஒரு மனிதர் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை.

"லிஸ்ட் அடிச்சது நீங்களோ?"

"ஓம் அண்ணை."

"என்ர தம்பி குலசிங்கம். கிளிநொச்சி. நாப்பத்தஞ்சு வயசு. நாலு மாசமாத் தேடுறம். நேற்றுத்தான் உங்கட லிஸ்டில பேரைப் பார்த்தன். அம்மாவுக்கும் உடனே போன் அடிச்சுச் சொல்லிப்போட்டன்." அவர் இரண்டு கையையும் கூப்பினார். "உங்கட கை நல்லா இருக்கோணும், தங்கச்சி. எந்த முகாம் எண்டு ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்கோ. கடிதம் போடோணும்."

முகாம் விவரம் லிஸ்டில் இல்லை, கொப்பியின் ஓரத்தில்தான் இருக்கும். அவள் சந்தோஷமாகவே கொப்பியைப் புரட்டினாள். கிளிநொச்சி, நாற்பத்தைந்து. விரலை வைத்து வரியைப் பிடித்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மகேந்திரனின் முத்துமுத்தான எழுத்தில் குணசிங்கம் என்று இருந்தது.

பாமினியில் Z-ஐத் தட்டினால் ண, Y-ஐத் தட்டினால் ல. இடது கைச் சின்னவிரலால் கீழே அடிக்க வேண்டிய ண-வுக்கு, மூன்று மாதம் ஜெர்மன் பலகையில் பழகிய கை மேலே போயிருக்கிறது. மேலே இந்தப் பலகையில் இருந்தது ல. 'மரணம்' 'மரலம்' என்று வந்திருந்தால் கண்ணில் குத்தியிருக்கும். குலசிங்கமும் ஒரு பெயர்தானே, யாருக்குக் குத்தும்?

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். அப்படி நினைத்ததற்காகத் தன்னையே வெறுத்தாள். கேக் பெட்டியின் நூல்கூட இன்னும் அவிழ்க்கப்படவில்லை.

"அண்ணை, இருங்கோ. இந்தக் கதிரையில இருங்கோ."

சொன்னாள். முழுவதையும் சொன்னாள். உருத்திரமூர்த்தி கொப்பியைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், அவளுடைய விரல்களைப் பார்த்தார். ஏசுவார் என்று காத்திருந்தாள். ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

"அப்ப, மற்ற மாதிரியும் பிழைச்சிருக்குமோ?" என்றார் மெல்ல. "நீங்கள் குணசிங்கம் எண்டு அடிச்சது ஏதும், கொப்பியில குலசிங்கமா இருக்குமோ?"

அவள் கொப்பியின் முதல் பக்கத்தைத் திருப்பினாள். "பார்ப்பம் அண்ணை."

இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். அறுநூற்றுச் சொச்சம் பெயர். அவர் கொப்பியை வாசிக்க, அவள் திரையில் விரலை வைத்து எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தாள். இரண்டரை மணி நேரம் ஆனது. மொத்தம் பதினொரு பிழை. கல்யாணி கல்யாலியாகி இருந்தாள், கமலம் கமணமாகி இருந்தாள். அந்தப் பரீட்சையில் இந்தத் தாளுக்கு அவளைக் கைகுலுக்கிப் பாஸ் பண்ணியிருப்பார்கள். இங்கே தலையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

குலசிங்கம் எந்த வரியிலும் இல்லை.

"அம்மா நேற்றுத்தான் நாலு மாசத்துக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டவ," என்றார் உருத்திரமூர்த்தி. அவளைக் குற்றம் சொல்லவில்லை, சும்மா சொன்னார். தில்லைநாயகி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மற்றப் பத்துப் பிழையையும் ஒவ்வொன்றாகத் திருத்திவிட்டு அந்த வரிக்கு வந்தாள். ல-வுக்குப் பின்னால் கோடு மின்னி மின்னி நின்றது. அழிக்கும் விசையில் விரலை வைத்தவள் அழுத்தாமல் கேட்டாள்.

"மாத்தட்டோ அண்ணை?"

"கொஞ்சம் பொறுங்கோ."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரைக்குக் கிட்டக் குனிந்து தம்பியின் பெயரை வாசித்தார். வயதையும் ஊரையும் வாசித்தார். பிறகு நிமிர்ந்து யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அடியுங்கோ, தங்கச்சி," என்றார். "குணசிங்கத்தின்ர ஆக்களும் தேடிக்கொண்டிருப்பினம்."